மூன்று ஜோடி, நான்கு தனியாள்

1602ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் தேதி, லண்டனில் வழக்கறிஞர்களை உருவாக்கும் மிடில் டெம்பிள் சங்கத்தின் விருந்து மண்டபத்தில் ஒரு நாடகம் நடந்தது. ஓக் மரக் கூரையோடு அந்த மண்டபம் இன்றும் நிற்கிறது. பார்வையாளர்களில் ஒருவரான ஜான் மானிங்ஹாம் என்ற சட்ட மாணவர் அன்று பார்த்ததைத் தன் நாட்குறிப்பில் சில வரிகளில் எழுதிவைத்தார். ஷேக்ஸ்பியரின் ‘பன்னிரண்டாம் இரவு’ மேடையேறியதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் முதல் சாட்சி அந்தக் குறிப்புதான்.

இது ஒரு காதல் நாடகம். ஆள்மாறாட்டம், இரட்டையர் குழப்பம் எல்லாம் தாண்டி மூன்று கல்யாணங்களில் போய் முடிவது. ஆனால் மானிங்ஹாம் காதலர்களைப் பற்றி மூச்சே விடவில்லை. பழைய ரோமானிய, இத்தாலிய நாடகங்கள் சிலவற்றை இது நினைவூட்டுகிறது என்று குறித்துவிட்டு, ஒரு வீட்டுக் காரியஸ்தனைப் பொய்க்கடிதம் காட்டி ஏமாற்றும் விளையாட்டைத்தான் ரசித்து எழுதினார். அவர் மட்டும் அப்படியில்லை. 1623இல் அரசவையில் இதே நாடகம் நடந்தபோது அந்தக் காரியஸ்தனின் பெயரான ‘மல்வோலியோ’வையே தலைப்பாக எழுதிவைத்தார்கள். பிற்பாடு மன்னர் முதலாம் சார்லஸ் தன்னிடம் இருந்த ஷேக்ஸ்பியர் தொகுப்பின் உள்ளடக்கப் பக்கத்தில், இந்த நாடகத்தின் பெயருக்குப் பக்கத்தில் ‘மல்வோலியோ’ என்று தன் கையால் எழுதினார்.

நகைச்சுவை நாடகத்தின் வேலை பிரிந்தவர்களைச் சேர்த்துவைப்பது. அப்படியிருக்க, சேர்க்கப்பட்டவர்களை விட்டுவிட்டு, விரட்டப்பட்டவனை ஏன் எல்லோரும் நினைவில் வைத்துக்கொண்டார்கள்? நாடகத்தைக் கருவி கருவியாகப் பிரித்துப் பார்த்தால் விடை கிடைக்கிறது. ஒருவரைக் கூட்டத்துக்குள் இழுக்க ஷேக்ஸ்பியர் எந்த உத்தியைக் கையாள்கிறாரோ, அதே உத்தியால்தான் இன்னொருவரை வெளியே தள்ளுகிறார். இரண்டுக்கும் தனித்தனிக் கருவி அவரிடம் இல்லை.

கதைச் சுருக்கம்

களம் இலிரியா. அட்ரியாட்டிக் கடலின் கிழக்குக் கரைக்கு இருந்த பழம்பெயர் அது. கப்பல் உடைந்து வயோலா என்ற இளம்பெண் அங்கே கரை ஒதுங்குகிறாள். உடன் பயணம் செய்த இரட்டைச் சகோதரன் செபாஸ்டியன் மூழ்கிப்போனான் என்று நம்புகிறாள். ஆண்வேடம் பூண்டு, செசாரியோ என்ற பெயரில், அந்நாட்டுப் பிரபு ஓர்சினோவிடம் வேலைக்குச் சேர்கிறாள். ஓர்சினோ காதலிப்பது ஒலிவியா என்ற சீமாட்டியை. அவளோ தந்தையையும் அண்ணனையும் இழந்தவள். ஏழு ஆண்டுகள் முகத்திரையை விலக்குவதில்லை என்று சபதம் எடுத்திருக்கிறாள். ஓர்சினோவின் காதலைச் சொல்லத் தூது போன செசாரியோமீதே ஒலிவியாவுக்குக் காதல் வருகிறது. வயோலாவுக்கோ ஓர்சினோமீது காதல். இந்த நேரத்தில் செபாஸ்டியன் உயிரோடு ஊருக்குள் வருகிறான்.

ஒலிவியாவின் வீட்டில் வேறொரு கதை ஓடுகிறது. அவளுடைய உறவினர் சர் டோபி ஓயாமல் குடிப்பவர். அவர் இழுத்துவந்து வைத்திருக்கும் பணக்கார அசடு சர் ஆண்ட்ரூ. பணிப்பெண் மரியா, விதூஷகன் ஃபெஸ்டே ஆகியோரும் இந்தக் கூட்டம்தான். இவர்களுடைய கும்மாளம் பொறுக்காதவன் காரியஸ்தன் மல்வோலியோ.

தமிழுக்கு இந்தக் கதை புதிதல்ல. 1949இல் வெளிவந்த ஜூபிடர் பிக்சர்ஸின் ‘கன்னியின் காதலி’ இதைத் தழுவி எடுக்கப்பட்டதுதான். கண்ணதாசன் பாடலாசிரியராக அறிமுகமான படம் அது.

தலைப்பிலேயே ஒரு செய்தி இருக்கிறது. கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் பன்னிரண்டு நாள் நீளும். பன்னிரண்டாம் இரவு என்பது அதன் கடைசி இரவு. கூத்தும் குடியும் உச்சத்தில் இருக்கும். அது முடிந்தால் அவரவர் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். கொண்டாட்டத்தின் பெயரைச் சூட்டிக்கொண்ட இந்த நாடகம், கொண்டாட்டம் முடியப்போகிறது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுகிறது.

பெயர் கேட்காத கதாநாயகி

நாடகத்தைப் படிப்பவர்களுக்கு வயோலாவின் பெயர் முதலிலேயே தெரிந்துவிடும். அவள் பேசும் இடங்களில் எல்லாம் அச்சிட்டிருக்கிறதே. மேடையில் பார்ப்பவர்களுக்கு அப்படியில்லை. ‘வயோலா’ என்ற சொல்லை யாருமே கடைசி அங்கம்வரை உச்சரிப்பதில்லை. கரை ஒதுங்கியபோது உடனிருந்த கப்பல் தலைவன் அவளைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஊராருக்கு அவள் செசாரியோ. முதன்முதலில் அந்தப் பெயர் செபாஸ்டியன் வாயிலிருந்துதான் வருகிறது, உடன்பிறந்த இருவரும் எதிரெதிரே நின்று ஒருவரை ஒருவர் அடையாளம் காணும் காட்சியில்.

இதன் வீச்சை மேடையில்தான் உணர முடியும். நான்கு அங்கங்களாக நாம் ஒருத்தியோடு பழகியிருக்கிறோம். அவளுடைய காதல் நமக்குத் தெரியும், பயம் தெரியும், அழுகையும் தெரியும். பெயர் மட்டும் தெரியாது. சொந்தம் என்று ஒருவன் வந்து நின்ற பிறகே அவளுக்குப் பெயர் வருகிறது. தனிமை என்றால் என்ன என்பதற்கு ஷேக்ஸ்பியர் வசனம் எழுதவில்லை. நம் பெயரை அறிந்தவர் ஒருவரும் இல்லாத ஊரில் வாழ்வதே தனிமை என்பதைப் பார்வையாளனின் காதை வைத்தே உணர்த்திவிடுகிறார்.

அந்த அடையாளக் காட்சியை அவர் அவசரப்பட்டு முடிப்பதில்லை. முகத்தைப் பார்த்தவுடன் கட்டிக்கொள்ளலாம். ஆனால் இருவரும் நீதிமன்றத்தில் சாட்சியை விசாரிப்பதுபோல ஒருவரை ஒருவர் விசாரிக்கிறார்கள். எந்த ஊர், தந்தை பெயர் என்ன, அவர் நெற்றியில் மச்சம் இருந்ததா, வயோலாவுக்கு எத்தனை வயதானபோது இறந்தார் என்று கேள்வி நீள்கிறது. எல்லாம் பொருந்தும்வரை தன்னை அணைக்க வேண்டாம் என்று வயோலாவே சொல்கிறாள். இழப்பு உண்மை என்று ஒருமுறை நம்பிவிட்டவர்களுக்கு மகிழ்ச்சியை நம்ப அத்தாட்சி வேண்டியிருக்கிறது.

ஷேக்ஸ்பியரின் வீட்டிலும் ஆணும் பெண்ணுமாக இரட்டையர் இருந்தார்கள். ஹாம்னெட், ஜூடித் என்ற அவ்விருவருக்கும் 1585 பிப்ரவரி 2ஆம் தேதி ஞானஸ்நானம் நடந்தது. 1596 ஆகஸ்டில், பதினோராவது வயதில், ஹாம்னெட் இறந்துபோனான். மிடில் டெம்பிளில் நாடகம் நடந்த தேதியும் பிப்ரவரி 2. தேதி ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். அதை வைத்து நாடகத்துக்குப் பொருள் சொல்லக் கூடாது. ஆனாலும், இறந்ததாக நினைத்த சகோதரன் கடலிலிருந்து மீண்டுவரும் காட்சியை எழுதியவர், தன் மகள் ஜூடித் சகோதரன் இல்லாமல் வளர்வதைப் பார்த்துக்கொண்டிருந்த தகப்பன் என்பது வரலாறு.

யாருக்கு எவ்வளவு தெரியும்

நகைச்சுவையின் எந்திரம் தகவலில் ஓடுகிறது. இந்த நாடகத்தில் தகவல் படிப்படியாகப் பங்கிடப்பட்டிருக்கிறது. செபாஸ்டியன் உயிரோடு இருப்பதை இரண்டாம் அங்கத்தின் தொடக்கத்திலேயே நமக்குக் காட்டிவிடுகிறார் ஆசிரியர். வயோலாவுக்கு அந்த நம்பிக்கை துளிர்ப்பது மூன்றாம் அங்கத்தின் முடிவில்தான். செசாரியோ பெண் என்பது வயோலாவுக்குத் தெரியும். ஓர்சினோவுக்கும் ஒலிவியாவுக்கும் தெரியாது. ஒலிவியா யாரை விரும்புகிறாள் என்பது மரியாவுக்குப் புரியத் தொடங்குகிறது. மல்வோலியோவுக்கு அதுவும் புரியாது. ஏணியின் உச்சியில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். கடைசிப் படியில் மல்வோலியோ.

மேலே இருப்பவர்களுக்கு இடையில் ஒரு கூட்டாளித்தனம் தானாகவே உருவாகிவிடும். வயோலா மேடையில் தனியாக நின்று பேசும்போது அது நன்றாகத் தெரிகிறது. ஒலிவியா, செசாரியோவுக்குக் கொடுக்கும்படி ஒரு மோதிரத்தை அனுப்புகிறாள். தான் விட்டுச்செல்லாத மோதிரம் தன்னைத் தேடி வருவதைக் கண்டதும் வயோலாவுக்குச் சங்கதி விளங்குகிறது. இதை அந்த ஊரில் யாரிடம் சொல்வாள்? நம்மிடம்தான் சொல்கிறாள். சிக்கலை அவிழ்க்கத் தன்னால் ஆகாது, காலம்தான் அவிழ்க்க வேண்டும் என்று கைவிரிக்கிறாள். தனிமொழி என்ற பழைய நாடக உத்தி இங்கே ஒரு பெண்ணின் ஒரே நட்பாக மாறுகிறது. இலிரியாவில் அவளுக்கு என்று ஒருவரும் இல்லை. அரங்கில் இருக்கும் நாம் மட்டுமே இருக்கிறோம்.

அதே உத்தி மல்வோலியோவுக்கு என்ன செய்கிறது? அவனும் தோட்டத்தில் தனியாக நடந்தபடி தன் கனவைப் பேசுகிறான். ஒலிவியாவைக் கட்டிக்கொண்டு, பூவேலை செய்த வெல்வெட் அங்கியோடு உட்கார்ந்து, சர் டோபியை வரவழைத்துக் குடியை நிறுத்தச் சொல்லிக் கண்டிப்பதாகக் கற்பனை செய்கிறான். அவன் பேசுவதும் தனிமொழிதான். ஆனால் செடிப்புதருக்குப் பின்னால் டோபியும் ஆண்ட்ரூவும் ஃபேபியன் என்ற வேலைக்காரனும் ஒளிந்து நின்று ஒட்டுக்கேட்கிறார்கள். வயோலாவின் அந்தரங்கத்தை நாம் நண்பர்களாகக் கேட்டோம். இவனுடையதை ஒளிந்திருப்பவர்களோடு சேர்ந்து கேட்கிறோம். அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கும் ஆத்திரத்துக்கும் சேர்த்து நாம் சிரிக்கிறோம். நம்மை அறியாமலேயே புதருக்குப் பின்னால் போய் நின்றுவிட்டோம்.

பிறகு அவன் கண்ணில் கடிதம் படுகிறது. ஒலிவியாவின் கையெழுத்தை அப்படியே எழுதத் தெரிந்த மரியா போட்டுவைத்த பொறி அது. கடிதத்தில் காதலனின் பெயர் இல்லை. நான்கு எழுத்துகள் மட்டும் இருக்கின்றன. நான்குமே மல்வோலியோவின் பெயரில் உண்டு, ஆனால் வரிசை பொருந்தவில்லை. கொஞ்சம் வளைத்தால் தனக்குத்தான் பொருந்தும் என்று அவன் முடிவுகட்டுகிறான். மரியாவின் மதிநுட்பம் இங்கேதான் இருக்கிறது. பொய்யை முழுதாகச் சொல்லியிருந்தால் அவனுக்குச் சந்தேகம் வந்திருக்கும். பாதியை விட்டுவிட்டாள், மீதியை அவனே இட்டு நிரப்பிக்கொண்டான். ஓர் இடத்தில் தனக்கும் பங்கு வேண்டும் என்று ஏங்குகிறவன் எழுத்துகளைக்கூட வளைப்பான்.

இதே ஏக்கத்தின் இன்னொரு வடிவம் சர் ஆண்ட்ரூ. அவனிடம் சொந்தப் பேச்சு கிடையாது. பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறான். செசாரியோ ஒலிவியாவிடம் பேசும் அலங்காரச் சொற்களைக் கேட்டவுடன், பின்னால் பயன்படும் என்று மூன்று சொற்களை மனத்தில் குறித்துக்கொள்கிறான். எதிரொலியாக இருந்தாவது கூட்டத்தில் ஒட்டிக்கொள்ளப் பார்க்கிற மனிதன். அவன் பணத்தில் இரண்டாயிரம்வரை கறந்தாயிற்று என்று டோபி மறைவில் பெருமையடிக்கிறார். ஓர் இரவு, மரியா தன்னைப் போற்றுவதாக டோபி சொல்லும்போது, தன்னையும் ஒருகாலத்தில் ஒருத்தி போற்றியதாக ஆண்ட்ரூ நினைவுகூர்கிறான். ஒற்றை வரிதான். யார், எப்போது என்ற விவரம் ஏதும் இல்லை. டோபி அதைக் காதில் வாங்காமல் படுக்கப் போகலாம் என்கிறார். எதிரொலிக்குள்ளும் ஒரு குரல் இருந்தது நாடகம் முழுவதிலும் அந்த ஒரு நொடியில்தான் வெளிப்படுகிறது.

செய்யுளும் உரைநடையும்

இந்த நாடகத்தில் பாதிக்கு மேல் உரைநடை. அக்கால வழக்கப்படி பிரபுக்களும் காதலர்களும் செய்யுளில் பேசுவார்கள். வேலைக்காரர்களும் குடிகாரர்களும் உரைநடையில் பேசுவார்கள். ஷேக்ஸ்பியர் இந்த வேலியை வைத்துக்கொண்டு, யார் எப்போது தாண்டுகிறார்கள் என்பதில் கதை சொல்கிறார்.

செசாரியோ முதன்முதலாக ஒலிவியாவைச் சந்திக்கும் காட்சியில் உரையாடல் உரைநடையில்தான் தொடங்குகிறது. ஒலிவியா விளையாட்டாகத் திரையை விலக்கிக் காட்டுகிறாள். அந்த முகத்தைக் கண்டதும் செசாரியோவின் பேச்சு செய்யுளுக்கு மாறுகிறது. ஒலிவியா உடனே இணங்குவதில்லை. தன் அழகை உதடு இரண்டு, கண் இரண்டு என்று சரக்குப் பட்டியல் போட்டு, உரைநடையிலேயே கேலி செய்கிறாள். சிறிது நேரத்தில் அவள் வாயிலும் சந்தம் வந்துவிடுகிறது. காதல் வந்துவிட்டது என்று அவள் இன்னும் சொல்லவில்லை. அவளுக்கே அது தெரியாது. பேச்சின் தாளம் மாறியதை நம் காது முதலில் பிடித்துக்கொள்கிறது.

ஒருமையும் மரியாதைப் பன்மையும் அக்கால ஆங்கிலத்தில் இருந்ததால் அதையும் அவர் விடவில்லை. ஓர்சினோ, வேலைக்கு வந்து மூன்றே நாளான செசாரியோவை நெருங்கிய நண்பனைப் போல ஒருமையில் அழைத்து, தன் மனத்தின் ரகசியம் எல்லாம் திறந்து காட்டிவிட்டதாகச் சொல்கிறார். அங்கே ஒருமை அணைப்பு. சண்டைக்கு அழைத்துக் கடிதம் எழுதப்போகும் ஆண்ட்ரூவுக்கு, எதிராளியை மூன்றுமுறை ஒருமையில் விளித்தால் தப்பில்லை என்று டோபி யோசனை சொல்கிறார். இங்கே அதே ஒருமை அடி.

மல்வோலியோ நாடகம் நெடுகிலும் உரைநடைக்காரன். கடைசிக் காட்சியில், இருட்டறையிலிருந்து வெளியே வந்து, எல்லோர் முன்னாலும் ஒலிவியாவிடம் கடிதத்தை நீட்டி நியாயம் கேட்கும்போது முதன்முறையாக முழு நீளச் செய்யுளில் பேசுகிறான். அதுவரை பிரபுக்களின் வரிசையில் உட்கார ஆசைப்பட்டுச் சிரிப்புக்கு ஆளானவன், இப்போது அவர்களுடைய தாளத்தில் அவர்களையே கேட்கிறான். அவனைக் கோமாளியாக வைத்திருந்த நடையை ஆசிரியரே அவனிடமிருந்து எடுத்துவிடுகிறார். பின் எப்படிச் சிரிப்பது?

சேர்ந்து பாடுகிறவர்களும் தனியாகப் பாடுகிறவனும்

நள்ளிரவில் டோபி, ஆண்ட்ரூ, ஃபெஸ்டே மூவரும் பாடுகிறார்கள். ஒருவர் தொடங்க, அடுத்தவர் அதே வரியைப் பின்னிருந்து பிடிக்க, மூன்றாமவர் அதற்கும் பின்னால் சேர்ந்துகொள்ளும் சுழல்பாட்டு அது. தனியாளால் பாட முடியாது. கூட்டத்தின் இன்பத்தை இசை வடிவமாகவே காட்ட இதைவிடப் பொருத்தமான பாட்டு கிடைக்காது. தூக்கம் கலைந்து வந்து மல்வோலியோ அதட்டும்போது, டோபியும் ஃபெஸ்டேயும் பாட்டை நிறுத்துவதில்லை. இவனை வெளியே துரத்தலாமா, துணிவு உண்டா என்று ஒருவருக்கொருவர் பாட்டாகவே கேட்டுக்கொள்கிறார்கள். அவன் எதிரில் நிற்கும்போதே அவனை விட்டுவிட்டு அவனைப் பற்றிப் பாடுகிறார்கள். பள்ளிக்கூட முற்றத்தில் ஒதுக்கப்பட்ட எந்தப் பிள்ளைக்கும் இந்த வித்தை தெரியும்.

ஆனால் மல்வோலியோவை அப்பாவி ஆக்கிவிடவும் முடியாது. ஒலிவியாவின் வாசலைக் காத்து வருகிறவர்களைத் திருப்பியனுப்பியவன் அவன். ஃபெஸ்டேயின் வேடிக்கைக்கு மதிப்பில்லை என்று எஜமானி முன்னால் மட்டம் தட்டியவன். மரியாவின் வேலைக்கு உலை வைப்பேன் என்று மிரட்டியவன். கதவை மூடுகிறவனாக இருந்துவிட்டுத்தான் கதவுக்கு உள்ளே அடைபடுகிறான்.

ஃபெஸ்டேயின் நிலை வேறு. ஒலிவியா வீடு, ஓர்சினோ வீடு இரண்டிலும் அவனுக்கு அனுமதி உண்டு. இரண்டும் அவன் வீடு அல்ல. டோபிக்குக் காதல் பாட்டு, ஓர்சினோவுக்குச் சாவுப் பாட்டு என்று கேட்பவர் மனநிலைக்கு ஏற்பப் பாடிக் காசு வாங்குகிறான். அவன் பெயர்கூட நாடகத்தில் ஒரே ஒருமுறைதான் உச்சரிக்கப்படுகிறது, அதுவும் அவன் மேடையில் இல்லாதபோது. ஷேக்ஸ்பியரின் குழுவில் அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த ராபர்ட் ஆர்மின், நன்றாகப் பாடத் தெரிந்த நகைச்சுவை நடிகர். அவருக்காகவே இந்தப் பாத்திரம் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது அறிஞர்கள் கருத்து. எல்லோரும் போன பின் கடைசிப் பாட்டைப் பாடுவதும் இவன்தான். எல்லோருக்கும் பாடியவனோடு சேர்ந்து பாட அப்போது ஆள் இல்லை.

இருட்டறை

கடிதத்தை நம்பி மஞ்சள் காலுறையும் குறுக்குப் பட்டைகளும் அணிந்து, ஓயாமல் புன்னகைத்தபடி ஒலிவியா முன் வந்து நிற்கிறான் மல்வோலியோ. அவள் வெறுக்கும் நிறம் மஞ்சள். துக்கம் காக்கும் வீட்டில் புன்னகையும் பொருந்தாது. அவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவள் நினைக்கிறாள். அக்காலத்தில் மனநோயாளிகளை இருட்டில் அடைத்துவைப்பது சிகிச்சை என்றே கருதப்பட்டது. டோபியும் கூட்டமும் அதையே செய்கிறார்கள்.

இந்தக் காட்சியில் ஃபெஸ்டே பாதிரியார் வேடம் போட்டு அவனைப் ‘பரிசோதிக்க’ வருகிறான். அறையில் ஜன்னல்கள் இருக்கின்றன, வெளிச்சம் இருக்கிறது என்று சாதிக்கிறான். இருட்டாக இருக்கிறது என்று மல்வோலியோ உண்மையைச் சொல்கிறான். அதுவே பைத்தியத்துக்குச் சான்றாகிறது. மனித ஆன்மா பறவைக்குள் புகலாம் என்ற பித்தாகரஸின் கொள்கையைப் பற்றி ஒரு கேள்வி. கிறிஸ்தவன் சொல்ல வேண்டிய பதிலைத்தான் மல்வோலியோ சொல்கிறான். அந்தக் கொள்கையை ஏற்கும்வரை இருட்டிலேயே கிட என்று தீர்ப்பு வருகிறது. சரியான பதில் சொன்னாலும் தோற்றுவிடும் பரீட்சை இது.

கூர்மையான ஒரு நுட்பமும் இங்கே உண்டு. இருட்டில் இருப்பவனால் உன்னைப் பார்க்க முடியாதே, தாடியும் அங்கியும் இல்லாமலே இதைச் செய்திருக்கலாமே என்று மரியா ஃபெஸ்டேயிடம் சொல்கிறாள். அப்படியானால் அந்த வேடம் யாருக்காக? பார்த்துக்கொண்டிருக்கும் நமக்காக. புதருக்குப் பின்னால் நம்மைச் சேர்த்துக்கொண்ட ஷேக்ஸ்பியர் இங்கே கணக்கைக் கேட்கிறார். டோபிக்கே இந்த விளையாட்டு போதும் என்று ஆகிவிட்டது. ஆனால் காரணம் இரக்கம் அல்ல, ஒலிவியாவின் கோபத்துக்குப் பயம்.

அறைக்குள்ளிருந்து மல்வோலியோ காகிதமும் மையும் விளக்கும் கேட்டு வாங்கி ஒலிவியாவுக்குக் கடிதம் எழுதுகிறான். அது உடனே போய்ச் சேரவில்லை. கடைசிக் காட்சியில் ஃபெஸ்டே அதைப் பைத்தியக்காரக் குரலில் வாசிக்கத் தொடங்க, ஒலிவியா தடுத்து வேறொருவரை வாசிக்கச் சொல்கிறாள். இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோட்டத்தில் அடுத்தவர் எழுதிய பொய்யை மல்வோலியோ தன் குரலில் வாசித்தான். இங்கே அவன் எழுதிய உண்மை அடுத்தவர் குரலில் ஒலிக்கிறது. தன் கதையைத் தானே சொல்ல முடியாமல் போவதுதான் இந்த நாடகத்தில் அவனுக்கு விதிக்கப்பட்ட தண்டனை.

பிற்கால நடிகர்கள் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். 1884இல் ஹென்றி இர்விங், மல்வோலியோவைச் சோக நாயகனின் சாயலில் நடித்தார். 2017இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் டாம்சின் கிரெய்க் அதையே ‘மல்வோலியா’ என்ற பெண்ணாக நடித்தபோது, ஏமாற்றப்பட்ட ஆசையின் வலி இன்னும் கூடியது.

வாய் மூடியவர்கள்

கடைசிக் காட்சியில் கணக்கெடுத்தால் மூன்று ஜோடிகள் தேறுகின்றன. ஓர்சினோவும் வயோலாவும், ஒலிவியாவும் செபாஸ்டியனும் மேடையில் நிற்கிறார்கள். டோபியும் மரியாவும் மணந்துகொண்ட செய்தி வாய்வழியாக வருகிறது. மீதி நான்கு பேர் தனி. மல்வோலியோ கூட்டம் மொத்தத்தையும் பழிவாங்குவதாகச் சூளுரைத்து வெளியேறுகிறான். மண்டை உடைந்து நிற்கும் ஆண்ட்ரூ, காயத்துக்கு இருவருமே சேர்ந்து மருந்து கட்டிக்கொள்ளலாம் என்று அன்போடு சொல்ல, டோபி அவனை மடையன், ஏமாளி என்று வைதுவிட்டுப் போகிறார். ஃபெஸ்டே பாட்டோடு நிற்கிறான்.

நான்காவது ஆள் அந்தோனியோ என்ற கடலோடி. கடலில் மிதந்த செபாஸ்டியனைக் காப்பாற்றி, மாதக்கணக்கில் உடன் இருந்து, தன்னைப் பிடித்தால் சிறை என்று தெரிந்தும் அவன்மீது கொண்ட அன்பால் பகைநாட்டுக்குள் பின்தொடர்ந்து வந்தவன். பணப்பையையும் கொடுத்தவன். ஓர்சினோவின் காவலர்களிடம் அவன் சிக்கியதும் செசாரியோவைச் செபாஸ்டியன் என்று எண்ணிக் காக்கப் போனதால்தான். இரட்டையர் இருவரும் ஒன்றாக நிற்பதைப் பார்த்துத் திகைத்து, இதில் செபாஸ்டியன் யார் என்று கேட்கிறான். அதன் பிறகு அவனுக்கு வசனமே இல்லை. ஓர்சினோ மன்னித்தாரா, செபாஸ்டியன் கட்டிக்கொண்டானா என்பதெல்லாம் பிரதியில் இல்லை. ஷேக்ஸ்பியர் அவனை மறந்துவிட்டார் என்று சொல்வது எளிது. ஆனால் ஒரு நடிகர் அந்த நேரம் முழுவதும் மேடையில் நின்றாக வேண்டும் என்பது, நடிகராகவும் இருந்த ஆசிரியருக்குத் தெரியாமல் இருக்காது. மற்றவர்கள் பேசப் பேச, பேசாமல் நிற்கிறவன்மீது பார்வையாளனின் கண் தானாகப் போகும். மௌனமும் எழுதப்பட்ட வசனம்தான்.

உடை யாரிடம் இருக்கிறது?

எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிட்டதாகத் தோன்றும் இடத்தில் ஷேக்ஸ்பியர் ஒரு முடிச்சைப் போட்டுவைத்திருக்கிறார். ஓர்சினோ, வயோலாவைப் பெண்ணுடையில் பார்க்க விரும்புகிறார். அவளுடைய உடைகள் அவளைக் கரைசேர்த்த கப்பல் தலைவனிடம் இருக்கின்றன. அவனோ ஏதோ வழக்கில் சிறையில் இருக்கிறான். வழக்குத் தொடுத்தவன் மல்வோலியோ. இதற்காகத்தான் அவனை அழைத்துவரச் சொல்கிறாள் ஒலிவியா. அப்போதுதான் அவனுக்குப் புத்தி பேதலித்ததாகச் சொன்னதே அவளுக்கு நினைவு வருகிறது. மறக்கப்பட்டவன் மேடைக்கு வருவதே இன்னொருத்தியின் துணிமணிக்காக.

அவன் பழிவாங்குவதாகச் சொல்லிப் போனதும் ஓர்சினோ, பின்னால் ஆளனுப்பிச் சமாதானம் பேசச் சொல்கிறார். கப்பல் தலைவனைப் பற்றி அவன் இன்னும் சொல்லவில்லையே என்பதுதான் அவர் கூறும் காரணம். அது தெரிந்த பிறகே கல்யாணம். அதுவரை வயோலா ஆணுடையில்தான் நிற்கிறாள். ஓர்சினோ அவளைச் செசாரியோ என்றே அழைக்கிறார். சற்று முன்னர்தான் தன் பெயரைத் திரும்பப் பெற்றவள், அந்தப் பெயரோடு வாழ இன்னும் காத்திருக்க வேண்டும். மல்வோலியோ திரும்பி வந்தானா என்பதை நாடகம் சொல்வதில்லை.

மானிங்ஹாமும் சார்லஸ் மன்னரும் இந்த நாடகத்தை மல்வோலியோவை வைத்தே நினைவில் கொண்டதில் தவறே இல்லை. சேர்ந்து பாடியவர்கள், சேர்ந்து ஒளிந்தவர்கள், சேர்ந்து சிரித்தவர்கள் எல்லோரும் தங்களை ஒரு கூட்டம் என்று உணர்ந்தது அவனை எதிரில் நிறுத்திக்கொண்டுதான். அந்தக் கடனை ஷேக்ஸ்பியர் தள்ளுபடி செய்யவில்லை. கல்யாணத்தின் சாவியைக் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்துவிட்டார். வெளியே தள்ளப்பட்டவன் மனம் இறங்கினால்தான் உள்ளே இருப்பவர்களின் பந்தலில் மணமகள் மணமகளாக வந்து நிற்க முடியும்.